கத்தி வச்சது வயித்துல, வலி தொண்டையில

சித்திக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். கண் விழித்துக் கொஞ்சம் தெளிந்ததும் கேட்டார்: "கத்தி வச்சது வயித்துல. தொண்டை ஏன்டா இப்படி எரியுது?" பக்கத்துக் கட்டில்காரர், "எல்லாம் மயக்க ஊசி பண்ற வேலை" என்றார். நானும் தலையாட்டினேன். அப்புறம் படித்துப் பார்த்தால், விஷயம் கிட்டத்தட்ட தலைகீழ்.

முழு மயக்கம் என்பது ஒரே ஊசி அல்ல. ஒன்று தூங்க வைக்கும், ஒன்று வலியை அடக்கும், இன்னொன்று தசையைத் தளர்த்தும். இந்த மூன்றாவது மருந்து, நரம்பிலிருந்து அசிட்டைல்கோலின் கொண்டுவரும் சேதியைத் தசைக்குப் போய்ச் சேரவிடாது. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய குராரே விஷம்தான் இதற்கு மூதாதை. 1942 ஜனவரி 23 அன்று மான்ட்ரியாலில் ஹரோல்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் ஒரு குடல்வால் ஆபரேஷனில் அதைக் கொடுத்தார்கள். (விஷத்தை மருந்தாக்கிப் பார்க்கத் தனி தைரியம் வேண்டும்!)

மூச்சு விடும் தசையும் ஓய்ந்துவிடுவதால், வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டு இயந்திரம்தான் மூச்சு கொடுக்கிறது. எரிச்சலுக்கு முக்கியக் காரணம் அந்த ட்யூப். அது குரல் நாண்களுக்கு நடுவே போக வேண்டும். எதுவும் தொட்டால் பட்டென்று மூடிக்கொள்வது நாண்களின் சுபாவம். தளர்த்தும் மருந்து வேலை செய்தால் அவை அசையாமல் திறந்திருக்கும், ட்யூப் உரசாமல் இறங்கும். 2003-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், அட்ராகுரியம் கொடுத்தவர்களைவிடக் கொடுக்காதவர்களுக்கே குரல் கம்மலும் நாண் காயமும் தெளிவாக அதிகம். ஆக, பழி சுமந்த மருந்து தொண்டையைக் காப்பாற்றுகிற கட்சி!

சக்சினைல்கோலின் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. தளர்த்துவதற்கு முன் தசைகளைத் துடிக்க வைக்கும். மறுநாள் கழுத்து, தோள், முதுகெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கலாம்.

இன்னொரு ஆசாமி, ட்யூப் நுனியில் இருக்கிற சின்ன பலூன். காற்று கசியாமலிருக்க அதை ஊதி வைப்பார்கள். அழுத்தம் 20-லிருந்து 30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்தம் போவது குறையும். நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அது பலூனுக்குள் கசிந்து, யாரும் ஊதாமலே அழுத்தம் ஏறும். விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வதை நம்ப முடியாது, அளக்கும் கருவி வேண்டும்.

சித்திக்கு மூணாம் நாளே சரியாப் போச்சு. பெரும்பாலும் அப்படித்தான். ஒரு வாரம் கழித்தும் குரல் கம்மலாகவே இருந்தாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். நாண் செயலிழந்திருக்கவும் வாய்ப்புண்டு. மூச்சுத் திணறினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.