அறுவைச் சிகிச்சையில் உடற்சூடும் கிடத்தும் முறையும்

உறங்குபவரின் கை உடலின்கீழ் அகப்பட்டு மரத்துப்போனால், அவர் தாமே புரண்டு படுக்கிறார். குளிர் மிகுந்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். மயக்க மருந்து பெற்று அறுவை மேசைமீது கிடக்கும் நோயாளியால் இவ்விரண்டும் இயலா. ஆகவே, அவருக்காகப் பிறர் விழித்திருத்தல் வேண்டும்.

மனித உடலின் உட்சூடு ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேடு ஆகும். குளிர்ந்த சூழலில் தோலை அடுத்த இரத்தக் குழாய்கள் சுருங்கி, இச்சூட்டை உள்ளே தேக்குகின்றன. மயக்க மருந்து இக்காவலைத் தளர்த்துகிறது. குழாய்கள் விரிந்து, உள்வெப்பம் கைகால்களுக்குப் பரவுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே உட்சூடு 1 முதல் 1.5 டிகிரி வரை குறையக்கூடும். பின்னர்க் குளிர்ந்த காற்றும், சூடேற்றாமல் செலுத்தும் திரவங்களும் அதனை மேலும் குறைக்கின்றன.

இதனால் குருதி உறைவது தாமதமாகிறது. காயம் ஆறுவதும் தடைப்படுகிறது. ஆஸ்திரியாவில் பெருங்குடல் அறுவை பெற்ற 200 பேரைப் பற்றிய ஆய்வு 1996-இல் வெளியாயிற்று. உட்சூடு சராசரியாக 34.7 டிகிரிக்கு இறங்கியவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குக் காயத்தில் தொற்று கண்டது, 36.6 டிகிரியில் காக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கே கண்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வோ, 35.5 டிகிரியைக் காட்டிலும் 37 டிகிரி கூடுதல் நன்மை தரவில்லை எனக் காட்டியது. ஆதலின் சிறு குறைவைவிட மிகுந்த குளிர்ச்சியே அஞ்சத்தக்கது. மயக்கம் தருமுன்பே வெப்பக் காற்றுப் போர்வையால் தோலைச் சூடாக்கினால், உள்வெப்பம் வெளியே பரவுவது குறைகிறது.

கிடத்தும் முறையும் இதற்கு இணையான கவனம் வேண்டுவது. பக்கவாட்டில் நீட்டிய கை 90 டிகிரிக் கோணத்தை மீறினால், தோள் நரம்புகள் இழுபட்டு ஊறுபடும். முழங்கை சுவரில் இடிக்கும்போது சுண்டுவிரல்வரை சுரீரெனப் பாயும் நரம்பு, எலும்பை ஒட்டிச் செல்வதாகையால் அவ்விடத்திற்கு மெத்தை அவசியம். முழங்காலின் வெளிப்புறத்திற்குச் சற்றுக் கீழுள்ள நரம்பும் அத்தகையதே. அது நெரிந்தால் பாதத்தை உயர்த்த இயலாது போகும். கால்களை உயர்த்திக் கட்ட நேர்ந்தால் இரண்டையும் ஒருசேரத் தூக்குதலும், மெல்ல ஒருசேர இறக்குதலும் முறையாகும். விரைந்து இறக்கின் இரத்த அழுத்தம் திடீரெனத் தாழலாம். குப்புறக் கிடத்துகையில் கண்கள் அழுந்தாதபடி பார்த்தல் வேண்டும்.

தோளோ முழங்காலோ முழுதும் மடங்காதவர், அதனை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கூறுதல் நன்று. வீடு திரும்பியவர் விரல் மரத்திருப்பதாகவோ பாதம் தூக்க வரவில்லை என்றோ சொன்னால், களப்பணியாளர் அதனைச் சோர்வென ஒதுக்காது, தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் கடமையாகும்.