சிகிச்சைக்கு முன் ஒரு கேள்வி

சில வருடங்களுக்கு முன், கல்கத்தாவில் எங்கள் குடியிருப்பில் ஓர் அன்பரின் மகனுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. பையனுக்கு வயது 22. மருந்து ஏற்றினார்கள், பிழைத்தான். காளிகாட் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துப் பரிசோதித்ததில், விந்தில் உயிரணுவே இல்லை என்றார்கள். "அன்றைக்கே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, சார்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது.

நான் மருத்துவன் அல்லன், ரயில்வேயில் பாலம் பார்த்தவன். பழைய பாலத்தைப் பிரிக்குமுன் மாற்றுப்பாதை போட்டுவிடுவோம். இங்கும் அதே கதைதான். புற்றுநோய் மருந்துகளில் சில, குறிப்பாக சைக்ளோபாஸ்பமைட் வகை, கருமுட்டைகளையும் விந்து உற்பத்தியையும் அழிக்கக் கூடியவை. இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சும் அப்படியே.

வயது வந்த ஆணுக்கு வழி எளிது. சிகிச்சை தொடங்குமுன் விந்தைச் சேமித்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைப்பார்கள். ஓரிரு நாள் போதும். உறைந்த விந்திலிருந்து 1953-லேயே குழந்தை பிறக்கும் என்று கண்டுவிட்டார்கள். பெண்ணுக்கு ஊசி போட்டு முட்டைகளை எடுக்க இரண்டு வாரம் போல் ஆகும். பூப்படையாத சிறுமிக்குச் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்கலாம். அவ்வாறு உறைய வைத்துத் திரும்பப் பொருத்திய திசுவால் ஒரு பெண்ணுக்கு முதல் குழந்தை பிறந்தது 2004-இல், பெல்ஜியத்தில். ரத்தப் புற்றுநோயில் மட்டும், அந்தத் திசுவோடு நோயும் திரும்பக் கூடும் என்பதால் எச்சரிக்கை தேவை. சிறுவர்களுக்கான முறை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

இந்த உறைநிலை வித்தைக்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் சுபாஷ் முகர்ஜி, உறைய வைத்த கருவிலிருந்து 1978 அக்டோபர் 3-இல் ஒரு பெண் குழந்தை பிறக்கச் செய்தார். அன்று நம்ப ஆளில்லை. மனமுடைந்து 1981-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கீகாரம் பின்னாளில்தான் வந்தது.

உயிர் பிழைப்பதே முதல் வேலை. நோய் முற்றியிருந்தால் காத்திருக்க நேரம் இராது. ஆனாலும் கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி இதை எப்படிக் கேட்பது என்று கூசாதீர்கள். முதல் மருந்துக்கு முன், "டாக்டர், பிற்காலத்தில் குழந்தை பிறக்குமா? இப்போதே ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டுவிடுங்கள். என் அன்பருக்குக் கிடைக்காத அந்த ஒரு வார்த்தை உங்கள் வீட்டுப் பிள்ளைக்காவது கிடைக்கட்டும்.