மரத்தளத்தில் கரியடுப்பு

அமெரிக்க, கனடிய வீடுகள் பலவற்றில் பின்கதவைத் திறந்தால் முதலில் கால் வைப்பது ஒரு மரத்தளத்தில். தரையிலிருந்து சற்றே உயர்த்தி, மழைநீர் வடிவதற்காகப் பலகைகளுக்கிடையே மெல்லிய சந்து விட்டு அடித்த திறந்த திண்ணை அது, ‘டெக்’ என்பார்கள். தரையோடு தரையாகக் கல்லோ கான்கிரீட்டோ பாவியிருந்தால் அது ‘பேட்டியோ’. கோடை வந்துவிட்டால் இறைச்சியும் சோளக்கதிரும் அங்கேதான் வேகும். 1952இல் சிகாகோ பகுதியில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், மிதவைக்கான உலோகக் கோளத்தை இரண்டாக வெட்டி மூடி போட்ட கரியடுப்பு ஒன்றைச் செய்தார். மூன்று காலில் நிற்கும் அந்த உருண்டை அடுப்புதான் இன்றும் பல டெக்குகளில் நிற்கிறது.

மூடி இருந்தாலும் அடியில் துளை இல்லாமல் கரி எரியாது. காற்று வரும் அந்த வழியாகத்தான் கங்கும் விழுகிறது. கனன்று எரியும் கரியின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மரம் தீப்பற்றுவதற்கோ 250 முதல் 300 டிகிரியே போதும். ஆனாலும் பலகையின் நடுவில் விழும் சின்னக் கங்கு பெரும்பாலும் ஒரு கரும்புள்ளியோடு அடங்கிவிடும். சந்தில் விழுவதுதான் வில்லங்கம். அங்கே போன இலையுதிர்காலத்துச் சருகும் பைன் ஊசிகளும் அடைந்து கிடக்கும். புகை கூடக் கண்ணில் படாமல் அது மணிக்கணக்கில் புகைந்து, விருந்தினர் போய், விளக்கணைத்த பிறகு பலகைக்கு அடியிலிருந்து பற்றிக்கொள்ளலாம். அதனால் அடுப்பு மூட்டும் முன் செய்யவேண்டிய முதல் வேலை, ஒரு மழுங்கிய கத்தியால் சந்துகளைக் கிளறிப் பெருக்குவது. காசு செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் செய்வதில்லை.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த கலப்புப் பலகைக்கு இன்னும் குறைந்த சூடே பகை. அதில் சேரும் பாலிஎத்திலீன் 110 – 130 டிகிரியிலேயே உருகிவிடும். சுவரில் வினைல் பலகை பொருத்திய வீடுகளில் நெருப்பே தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் அடுப்பின் அனலிலேயே அது நெளிந்துபோகும்.

சுவர், கைப்பிடி வேலி, கூரை நீட்டம், தாழ்ந்த கிளை எல்லாவற்றிலிருந்தும் அடுப்பு 10 அடியாவது, அதாவது 3 மீட்டர், தள்ளி இருப்பது நல்லது. அமெரிக்க மாநிலங்கள் பல பின்பற்றும் சர்வதேசத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு, அடுக்ககங்களின் எரியக்கூடிய பால்கனிகளில் பொதுவாகக் கரியடுப்பையே அனுமதிப்பதில்லை. அங்கே குறிப்பிடப்படும் தூரமும் இந்தப் பத்தடிதான். தனி வீடுகளுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. ஆகவே சொந்த டெக்கைக் காப்பது சொந்தக்காரர் பொறுப்பு.

அடுப்புக்கு அடியில் விரிக்கத் தீ தாங்கும் கண்ணாடியிழை விரிப்புகள் கிடைக்கின்றன. சொட்டும் கொழுப்புக்கும் சிதறும் பொறிக்கும் அவை போதும். கொட்டிய கங்குக் குவியலைத் தாங்கும் என்று நம்பக்கூடாது. நான்கைந்து கான்கிரீட் பாவுகற்களை அடுப்பைவிட அகலமாகப் பரப்புவது அதைவிட உறுதி. எதை விரித்தாலும் வேலை முடிந்ததும் எடுத்துவிடவேண்டும். அடியில் ஈரம் தங்கினால் நெருப்பிலிருந்து தப்பிய பலகை உளுத்துப்போகும்.

கரியைப் பற்றவைக்கும் புகைபோக்கிக் குவளையை டெக்கில் வைத்தால் வட்டமாகக் கருகும். கான்கிரீட்டிலும் வைக்கலாகாது. உள்ளே ஊறிய ஈரம் திடீரென ஆவியாகி, மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கவைக்கும். அதற்கான இடம் அடுப்புக்குள் இருக்கும் கம்பித்தட்டுதான்.

சமைத்து முடிந்ததும் மூடியையும் துளைகளையும் அடைத்துவிட்டால் காற்றின்றிக் கரி தானே அணையும். தண்ணீர் ஊற்றினால் ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். நீறு பூத்த நெருப்பு என்று தமிழில் உவமைக்குச் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை: வெள்ளைப் போர்வைக்குள் சூடு ஒரு நாளைக்கு மேலும் தங்கும். 48 மணி நேரம் ஆறவிட்ட பிறகே சாம்பலை எடுக்கவேண்டும். அதையும் காகிதப் பையில் போடாமல், இறுக்கமான மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, டெக்குக்கு வெளியே மண்தரையில் வைக்கவேண்டும். சிந்திய சாம்பலை உலர்ந்தபடியே பெருக்கி எடுக்கலாம். நனைந்தால் காரநீராகி மரத்தில் கறையாகும்.

கான்கிரீட்டில் சொட்டிய எண்ணெயை, பூனை வளர்ப்போர் பயன்படுத்தும் களிமண் துகளைத் தூவி உறிஞ்சவிட்டு, பிறகு சோப்பு நீரால் தேய்க்கலாம். அடுப்புக் காலின் துரு மரத்தில் விடும் கருங்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் கேட்கும், கையுறை அவசியம். மேலோட்டமாகக் கருகிய மரத்தை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசலாம். கலப்புப் பலகை உருகிவிட்டால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. அந்தப் பலகையைக் கழற்றி மாற்றவேண்டியதுதான். அப்போதும், வெயிலில் மங்கிய பழைய பலகைகளுக்கு நடுவே புதியது சில காலம் தனியாகத் தெரியும்.