லென்ஸ் இல்லாத மைக்ராஸ்கோப்

கால் பெருவிரல் மூட்டு ஒரே இரவில் சிவந்து வீங்கும். போர்வை உரசினாலே உயிர் போகும். கவுட் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருப்பதை மட்டும் வைத்து அதை உறுதி செய்ய முடியாது. அமிலம் கூடியும் மூட்டுவலியே வராதவர்கள் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு இயல்பாகக் காட்டுவதும் உண்டு. சந்தேகம் தீர, மூட்டுத் திரவத்தை ஊசியால் எடுத்து யூரிக் அமிலத்திலிருந்து உண்டாகும் யூரேட் படிகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கான முறையை 1961இல் காட்டியவர்கள் அமெரிக்க மருத்துவர்கள் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, அதாவது தளவிளைவுற்ற ஒளியை, அவர்கள் பயன்படுத்தினார்கள். ஊசி வடிவ யூரேட் படிகம் அந்த ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஈடுசெய் தகடு ஒன்றையும் சேர்த்தால், தகட்டின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் படிகம் மஞ்சளாகவும் குறுக்கே கிடப்பது நீலமாகவும் தெரியும். கவுட் போலவே வலிக்கும் இன்னொரு மூட்டுநோயின் கால்சியம் படிகத்தில் இந்த நிறங்கள் இடம் மாறும்.

இந்த முறைக்குத் தேவைப்படும் மைக்ராஸ்கோப்பின் விலை அதிகம், உருவமும் பெரிது. ஒரு நேரத்தில் கண்ணாடித் தகட்டின் சிறு பகுதியைத்தான் காட்டும். படிகங்கள் அரிதாக இருந்தால் கண்ணில் படாமலே போகலாம்.

லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அய்டோகன் ஓஸ்கானின் குழு 2016இல் வெளியிட்ட கருவியில் லென்ஸே கிடையாது. கேமரா சென்சாருக்கு மிக அருகில் மாதிரி இருக்கும். இடையில் தளவிளைவுப் படலங்கள். மேலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி படிகத்தில் பட்டுச் சிதறும், மீதி நேரே இறங்கும். இரண்டும் கலந்து சென்சாரில் விழும் வரிக்கோலமே ஹோலோகிராம். 1947இல் டென்னிஸ் கேபர் கண்டறிந்த தத்துவம் இது. ஒளி வந்த வழியைக் கணினி பின்னோக்கிக் கணக்கிட்டு, கோலத்திலிருந்து படிகத்தின் உருவத்தை மீட்கிறது. வழக்கமான கருவியில் தெரிவதைப் போன்ற நிற வேறுபாடும் கிடைக்கிறது.

உருப்பெருக்கம் இல்லாததால் சென்சாரின் பரப்பளவே பார்வைப் பரப்பு: 20 சதுர மி.மீ.க்கும் மேல். அத்தனையும் ஒரே படத்தில் அடங்குவதால், கண்ணாடித் தகட்டை நகர்த்தி நகர்த்தித் தேடும் வேலை குறைகிறது.

சோதனைக்கு, கவுட் நோயாளி ஒருவரின் யூரேட் கட்டியிலிருந்து எடுத்த படிகங்களைப் பயன்படுத்தினார்கள். ஒப்பீட்டுக்கு ஸ்டீராய்டு மருந்துப் படிகங்கள். வீங்கிய மூட்டின் திரவம் இவ்வளவு எளிய மாதிரி அல்ல. அதில் வெள்ளை அணுக்கள் நெருக்கமாக இருக்கும். அவற்றின் கோலங்களும் படிகத்தின் கோலத்தோடு பின்னிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுப்பது கணினி நிரலின் வேலை.