நியூயார்க்கில் 'இந்தியன் லைப்ரரி': பெயரை மட்டும் மாத்தினா போதுமா?

'இந்தியன் லைப்ரரி'ன்னு கேட்டதும் நம்ம ஊர் எழுத்தாளர்களின் புத்தகங்கள் அடுக்கிய அமெரிக்க நூலகம்னு நினைச்சா, தப்பு. நியூயார்க் மாநிலக் கல்விச் சட்டத்தில் இந்தச் சொல் அமெரிக்கப் பூர்வகுடிகள் நடத்தும் பொது நூலகத்தைக் குறிக்கிறது. கடல் வழியைத் தவறாகக் கணித்த கொலம்பஸ் வைத்த பெயர், 1977-ல் கொண்டுவரப்பட்ட நூலக உதவிச் சட்டம் வரை வந்து உட்கார்ந்துவிட்டது.

அது உண்மையில் நல்ல சட்டம். பூர்வகுடி நூலகங்களுக்கு மாநில அரசு நிரந்தரமாக நிதி தர வழி செய்தது. கனடா எல்லையை ஒட்டிய மோஹாக் மக்களின் அக்வெசாஸ்னே, செனெகா நேஷன், டோனவாண்டா செனெகா ஆகிய மூன்று சமூகங்களின் நூலகங்கள் இதில் பலன் பெறுகின்றன. அக்வெசாஸ்னே நூலகம் 1971-லேயே தொடங்கிவிட்டது. சட்டம் பிறகுதான் வந்தது.

அப்போ சொல்லில் என்ன பிரச்னை?

'இந்தியன்' என்பது வெளியிலிருந்து ஒட்டப்பட்ட பெயர். நாமும் பள்ளிப் பாடத்தில் 'செவ்விந்தியர்' என்று படித்தவர்கள்தானே! 2016-ல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டம், 1970-களில் இயற்றப்பட்ட இரண்டு கூட்டாட்சிச் சட்டங்களில் இருந்த பழைய இனப் பெயர்களை நீக்கி, 'அமெரிக்கன் இந்தியன்' இருந்த இடத்தில் 'நேட்டிவ் அமெரிக்கன்' என்று எழுதியது. ஆனால் விஷயம் அவ்வளவு நேரானது இல்லை. செனெகா மக்களின் அரசே 'செனெகா நேஷன் ஆஃப் இந்தியன்ஸ்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. எந்தச் சொல் வேண்டும் என்று அவர்களிடம் கேட்காமல் மாற்றினால், அதுவும் வெளியிலிருந்து ஒட்டப்பட்ட இன்னொரு பெயராகிவிடும்.

என்னைக் கேட்டால், பெரிய சிக்கல் அந்தச் சொல்லுக்குக் கீழே உள்ள வரையறையில் இருக்கு. 1977 சட்டம் 'இந்தியன் நூலகம்' என்பதை, மேலே சொன்ன மூன்று பழங்குடி அரசுகளின் பெயரைச் சொல்லியே வரையறுத்தது. லாங் ஐலண்டில் வாழும் ஷின்னகாக் மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்குக் கூட்டாட்சி அங்கீகாரமே 2010-ல்தான் கிடைத்தது. டஸ்கரோராவும் இல்லை. 'இந்தியன்' என்பதை எடுத்துட்டு 'பூர்வகுடி'ன்னு போட்டாலும், பட்டியல் அப்படியே இருந்தால் இவர்கள் வெளியேதான் நிற்பார்கள்.

பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பல ஆண்டுகளாகச் சட்டத்தில் இருந்துவந்த சூத்திரம் இது: அடிப்படைத் தொகை 18,000 டாலர். அதோடு ஆளுக்கு 18.20 டாலர், ஏக்கருக்கு 1.50 டாலர். 2,000 பேர் வாழும் 10,000 ஏக்கர் பகுதி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 69,400 டாலர். நம்ம ரூபாயில் பெரிசாத் தெரியும். ஆனால் அமெரிக்கச் சம்பளத்தில் ஒரு நூலகரையும் ஓர் உதவியாளரையும் முழுநேரமா வைப்பதே கஷ்டம். விலைவாசி ஏறும்போது தொகை தானாக ஏறாது. ஒவ்வொரு முறையும் சட்டத்தைத் திருத்தணும். 'ஆளுக்கு' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் பூர்வகுடிகள் 5.64 சதவீதம் குறைவாக எண்ணப்பட்டதாக அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறையே ஒப்புக்கொண்டது. தலை எண்ணிக்கை குறைந்தால் புத்தகத்துக்கான காசும் குறையும். சட்டம் கூட்டாட்சிக் கணக்குக்குப் பதிலாக மாநில அதிகாரி தரும் சான்றையும் ஏற்கிறது என்பது சின்ன ஆறுதல்.

இதெல்லாம் சாதாரண நூலக விவகாரம் இல்லை. செனெகா நேஷனின் நூலகக் கிளை ஒன்று இயங்கும் கேட்டராகஸில்தான் தாமஸ் இந்தியன் பள்ளியும் இருந்தது. 1957 வரை நடந்த அந்தப் பள்ளி, பிள்ளைகளைத் தாய்மொழியிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரித்தது. நடத்தியது இதே மாநில அரசு. 2025 மே மாதம் ஆளுநர் கேத்தி ஹோக்கல் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். செனெகா மொழியைச் சரளமாகப் பேசுவோர் இன்று மிகச் சிலரே. மொழியை மீட்கப் புத்தகமும் ஒலிப்பதிவும் சேர்த்து வைக்க ஓர் இடம் வேணும்.

கூட்டாட்சி நிதியை நம்பலாமான்னா, அதுவும் ஆட்டம் கண்டுவிட்டது. பழங்குடி நூலகங்களுக்கு மானியம் தரும் ஐஎம்எல்எஸ் அமைப்பைச் சுருக்க 2025 மார்ச்சில் அதிபர் ட்ரம்ப் உத்தரவிட்டார். எதிர்த்து நீதிமன்றம் போன மாநிலங்களில் நியூயார்க்கும் ஒன்று.