பப்பாளி நாற்றிலேயே ஆண், பெண் பார்க்க முடியுமா?

‘நர்சரியில் வாங்கும்போதே பப்பாளி நாற்று ஆணா, பெண்ணா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?’ கேள்வி-பதில் பகுதிக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. வழி இருக்கிறது, கண்டுபிடித்து 20 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால், அந்தச் சோதனைக்கு நீங்கள் காசு செலவழிக்கலாமா என்பது வேறு கேள்வி. இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பப்பாளி நட்டு நாலைந்து மாதம் கழித்துத்தான் பூ எடுக்கும். அதுவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம், ஒரே களை எடுப்பு. விதையின் நிறம், வேர் போகும் விதம், இலையின் வெட்டு என்று ஊருக்கு ஒரு அடையாளம் சொல்வார்கள். இவற்றில் எதையும் நம்பி நாற்றைக் கழிக்காதீர்கள்.

பப்பாளியில் மூன்று வகை மரம் உண்டு. நீளமான கொத்தாகத் தொங்கும் பூ ஆண். இலைக் கக்கத்தை ஒட்டி, அடி பருத்து, மகரந்தம் இல்லாமல் இருப்பது பெண். மொட்டு நீண்டு, உள்ளே சூலும் மகரந்தமும் சேர்ந்திருப்பது இருபால். கோ 2, கோ 8 போன்ற இரகங்களில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரமாக வரும். கோ 3, கோ 7 இரகங்களில் ஆண் மரம் வராது, பெண்ணும் இருபாலும்தான். இதில் சந்தைக்குப் பிடித்தது இருபால் மரத்தின் நீள்காய். பெண் மரத்துக் காய் உருண்டையாக, உள்கூடு பெரிதாக, சதை குறைவாக இருக்கும்.

இந்த வேறுபாட்டை முடிவு செய்வது ஒரு குரோமோசோம் சோடி. பெண் மரத்தில் இரண்டும் எக்ஸ். ஆணில் ஒன்று எக்ஸ், ஒன்று ஒய். இருபாலில் எக்ஸ் ஒன்று, சற்றே மாறிய ஒய் ஒன்று. ஒய் இரண்டு சேர்ந்த கரு விதையிலேயே செத்துவிடும். அதனால்தான் இருபால் மரத்தில் அதன் மகரந்தமே சேர்ந்து விளைந்த விதையைப் போட்டால், மூன்றில் இரண்டு பங்கு இருபாலும் ஒரு பங்கு பெண்ணுமாக வருகிறது.

2002-ல் ஹவாய் ஆராய்ச்சியாளர்களும் ஜப்பான் ஆராய்ச்சியாளர்களும் ஒய் குரோமோசோமில் மட்டும் இருக்கும் சில டி.என்.ஏ. துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட அடையாளத் துண்டைத்தான் ‘மார்க்கர்’ என்கிறார்கள், மாட்டுக்குக் காதில் தோடு போடுவது மாதிரி. நாற்றின் இலையில் பொட்டளவு கிள்ளி, டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். கருவியில் வைத்துப் பார்த்தால் போதும். அந்தத் துண்டு தெரிந்தால் ஆண் அல்லது இருபால், தெரியாவிட்டால் பெண்.

பொதுவாக மார்க்கரும் நாம் தேடும் குணமும் தலைமுறை மாறும்போது பிரிந்துபோக வாய்ப்புண்டு. பப்பாளியில் அந்தப் பயம் மிகக் குறைவு. அதன் ஒய் குரோமோசோமில் பாலைத் தீர்மானிக்கும் பகுதி எக்ஸுடன் துண்டு மாற்றிக்கொள்வதில்லை. இந்த விவரம் 2004-ல் வெளிவந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது மரபணு மாற்றம் அல்ல. செடிக்குள் எதையும் செலுத்துவதில்லை, எதையும் மாற்றுவதில்லை. ரத்தப் பரிசோதனை மாதிரிதான்; பார்ப்பது மட்டுமே.

ஒரு குழிக்கு எத்தனை நாற்று?

இனி காசுக் கணக்குக்கு வருவோம். ஆறுக்கு ஆறு அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,210 குழி. இருபால் இரகத்தில் குழிக்கு ஒரு நாற்று வைத்தால் சுமார் 400 குழியில் பெண் மரம் மட்டும் நிற்கும். இரண்டு வைத்தால் ஒன்பதில் ஒரு குழி, அதாவது 135 குழிபோல. மூன்று வைத்தால் 27-ல் ஒன்று. 45 குழியோடு போகும். மூன்று நாற்றுக்கு மொத்தம் 3,630 நாற்று வேண்டும்.

சோதனை செய்து நட நினைத்தால்? 1,210 இருபால் நாற்று கிடைக்க 1,815 நாற்றைச் சோதிக்க வேண்டும். மிச்சமாவதும் சரியாக 1,815 நாற்றுதான். ஆக, ஒரு நாற்றுக்கான சோதனைச் செலவு ஒரு நாற்றின் விலையைவிடக் குறைவாக இருந்தால்தான் விவசாயிக்குக் கட்டும். பூ பார்த்துக் கழிக்கும் கூலி, போட்டியில் நாற்று நெடுநெடுவென்று வளர்வதால் வரும் நட்டம் ஆகியவற்றைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆய்வகத்தில் ஒவ்வொரு இலையாகப் பார்ப்பதற்கு ஆகும் செலவு இந்த வரம்புக்குள் வராது. மார்க்கர் பிறந்த ஹவாயிலேயே விவசாயிகள் குழிக்குப் பல நாற்று நட்டு, பூ பார்த்துக் கழிப்பதே வழக்கமாக இருக்கிறது. பெரிய கருவி இல்லாமல் 60, 65 டிகிரி சூட்டிலேயே முடிகிற சோதனை முறைகளும் பப்பாளிக்கு வந்திருக்கின்றன. செலவு இறங்கினால் கணக்கும் மாறும்.

அப்படியானால் கண்டுபிடிப்பு வீணா? இல்லை. அதன் பலன் உங்கள் குழிக்கு வருவதற்கு முன்பே, புது இரகம் உருவாக்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு செடியை வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் வருடங்களும் நிலமும்தான் பெரிய செலவு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1997-ல் ஒட்டுச் சேர்த்த ‘காஸ்மிக் கிரிஸ்ப்’ ஆப்பிள் கடைக்கு வந்தது 2019-ல். இத்தனை வருடம் பிடிக்கும் பயிரில், வேண்டாத கன்றை இலைப் பருவத்திலேயே கழித்துவிட்டால் எவ்வளவு மிச்சம்!

கண்ணுக்குத் தெரியவே தெரியாத விஷயங்களும் உண்டு. ஆப்பிளில் சொறிநோய் தாங்கும் மரபணு ஒன்று காட்டு ஆப்பிளிலிருந்து வந்தது. பல வருடம் தாங்கியது. பிறகு அதை மீறும் பூஞ்சை வந்துவிட்டது. எனவே இரண்டு, மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒரே மரத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள். ஒரு மரபணு உள்ள கன்றும் மூன்று உள்ள கன்றும் தோட்டத்தில் ஒரே மாதிரி நோயில்லாமல்தான் நிற்கும். எதில் மூன்றும் இருக்கிறது என்று மார்க்கர்தான் சொல்லும்.

நம் பப்பாளிக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. வளையப்புள்ளி வைரஸ் வந்தால் தோட்டமே போகிறது. பப்பாளி இனத்துக்குள் இதற்கு முழு எதிர்ப்பு கிடைக்கவில்லை. அதன் காட்டு உறவினச் செடிகள் சிலவற்றில் இருக்கிறது. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் ஆராய்ச்சியாளர்கள் இவற்றைப் பப்பாளியோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தூரத்து உறவு என்பதால் விதை பிடிப்பதே கடினம். பிடித்த விதையிலும் உண்மையான கலப்பு எது, தாயைப் போலவே வந்தது எது என்று தெரியாது. அதைப் பிரித்துச் சொல்லவும் மார்க்கர்தான் கைகொடுக்கிறது. இந்த வழியில் ஒரு நல்ல இரகம் வந்தால், அது நாற்றின் ஆண், பெண் பார்ப்பதைவிட நமக்குப் பல மடங்கு பெரிய லாபம்.

‘சோதித்த நாற்று’ என்று விற்றால்

யாராவது இப்படிச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், எந்த ஆய்வகத்தில் சோதித்தது, ஒவ்வொரு நாற்றையும் பார்த்தார்களா, தட்டுக்கு நாலைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நாலு நாற்றைப் பார்த்து மற்றவற்றைச் சொல்ல முடியாது. விதை எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். ஆண் மரமும் கலந்த தோட்டத்து விதை என்றால், சாதாரண மார்க்கர் ஆணையும் இருபாலையும் ஒன்றாகவே காட்டும். அவற்றைப் பிரிக்கத் தனி மார்க்கர் வேண்டும்.

சோதனையில் இருபால் என்று வந்த மரமும் கோடை வெயிலில் சூல் சுருங்கி, ஆண் பூ மாதிரி பூத்து, காய் பிடிக்காமல் சில வாரம் நிற்கலாம். நாற்று விற்றவரைக் குறை சொல்லவும் வேண்டாம், மரத்தை வெட்டவும் வேண்டாம். வெயில் தணிந்ததும் காய்ப்புக்கு வந்துவிடும்.

மற்றபடி, கோ 3, கோ 7 நடுகிறவர்கள் குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூ வந்ததும் ஒரு இருபால் மரத்தை நிறுத்திவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஆண், பெண் தனித்தனியாக வரும் இரகமென்றால் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் நிற்கட்டும். அதையும் வெட்டிவிட்டால் காய் பிடிக்காது.