ஆயில் என்ஜினின் காற்று வடிகட்டியைக் கழற்றலாமா?

கிணற்று மேட்டில் ஓடும் ஆயில் என்ஜின்களைச் சற்று நின்று கவனித்தால், சிலவற்றில் காற்று வடிகட்டி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அல்லது அங்கே ஒரு சாக்குத் துண்டு சுற்றப்பட்டிருக்கும். கேட்டால், "வடிகட்டி இருந்தால் என்ஜின் திணறுகிறது, கழற்றினால் தாராளமாக ஓடுகிறது" என்று பதில் வரும். இன்னும் சிலர் வடிகட்டி மூடியில் உள்ள துளைகளை உளி வைத்துப் பெரிதாக்கி விடுகிறார்கள். காற்று அதிகம் போனால் இழுவை அதிகமாகும் என்பது இவர்கள் எண்ணம்.

இதில் பாதி உண்மை உண்டு. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய சுமார் 14½ கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் இதைவிட அதிகமாகவே தேவைப்படும். 80 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும், 110 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் உள்ள 5 குதிரைத்திறன் என்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும்போது 750 தடவை காற்றை உறிஞ்சுகிறது. தடவைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் என்றால், மணிக்கு 20,000 லிட்டருக்கும் மேல். அதாவது 200 லிட்டர் பீப்பாயில் நூறு பீப்பாய்க்குக் குறையாத காற்று. அந்த ஒரு மணி நேரத்தில் செலவாகும் டீசலோ சுமார் ஒரு லிட்டர்தான்.

மற்றொரு பாதி தவறு. டீசல் என்ஜினில் பாரத்திற்குத் தக்கபடி டீசலை அளந்து விடுவது கவர்னரின் வேலை. அந்த டீசல் எரியப் போதுமான காற்று கிடைத்துவிட்டால், அதற்கு மேல் போகும் காற்று சும்மா உள்ளே போய் வெளியே வரும். இழுவை கூடாது. சுத்தமாக உள்ள வடிகட்டி தேவையான காற்றைத் தடுப்பதில்லை. கழற்றியவுடன் என்ஜின் சுலபமாக ஓடுகிறது என்றால், வடிகட்டி அடைத்துக்கொண்டிருந்தது என்றுதான் பொருள். அதற்குப் பரிகாரம் கழுவுவது. கழற்றி எறிவது அல்ல.

வடிகட்டி இல்லாமல் நூறு பீப்பாய்க் காற்றில் கலந்துள்ள புழுதி முழுவதும் சிலிண்டருக்குள் போகிறது. மண் புழுதியில் உள்ள மணல் துகள் இரும்பைவிடக் கடினமானது. அது மசகு எண்ணெயுடன் சேர்ந்தால், மெக்கானிக்குகள் வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் பசையைப் போல வேலை செய்யும். முதலில் ரிங்குகள் தேயும். லைனரின் மேற்பகுதி அகலமாகும். பிறகு காலையில் என்ஜினைக் கிளப்பப் பலமுறை கைப்பிடியைச் சுற்ற வேண்டி வரும். புகை நீல நிறமாக வரும். எண்ணெய் அடிக்கடி குறையும். இந்த நிலைக்கு வந்த பிறகு வடிகட்டியைத் திரும்ப மாட்டிப் பயனில்லை. லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பம்பு செட்டுகளில் பெரும்பாலும் எண்ணெய்த் தொட்டி வைத்த வடிகட்டி இருக்கும். உள்ளே வரும் காற்று தொட்டியில் உள்ள எண்ணெயின் மேல் மோதிச் சட்டென்று மேலே திரும்புகிறது. கனமான தூசி திரும்ப முடியாமல் எண்ணெயில் விழுந்துவிடுகிறது. மீதியை எண்ணெயில் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்ளும். ஆகவே எண்ணெய் இல்லாத தொட்டி வடிகட்டியே அல்ல. என்ஜினுக்கு ஊற்றும் அதே எண்ணெயைக் குறியிட்ட அளவுக்கு ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றக் கூடாது. அதிகமான எண்ணெயை என்ஜின் உறிஞ்சிக்கொண்டால், டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் வேகமெடுத்து ஓடக்கூடும். இது ஆபத்து.

சாதாரணமாக 50 மணி நேர ஓட்டத்திற்கு ஒரு முறை தொட்டி எண்ணெயை மாற்றலாம். கதிரடிக்கும் களத்திலும், கோடையில் செம்மண் புழுதியிலும் ஓடும்போது தினமும் திறந்து பார்ப்பது நல்லது. அடியில் சேறு படிந்திருந்தாலோ, எண்ணெய் கூழாகி இருந்தாலோ மணிக் கணக்குப் பார்க்க வேண்டாம், உடனே மாற்றுங்கள். கம்பி வலையை மண்ணெண்ணெயில் அலசி, நன்றாக வடியவிட்டு மாட்ட வேண்டும். பெட்ரோல் தொடவே கூடாது.

பவர் டில்லர்களில் பல இப்போது காகித வடிகட்டியுடன் வருகின்றன. இதை மண்ணெண்ணெயில் நனைத்தால் கெட்டுவிடும். மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்த்து, உள்ளே ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். ஊசித் துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் புதியது வாங்க வேண்டியதுதான்.

வடிகட்டி நன்றாக இருந்தும், அதிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் எல்லாம் வீண். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. என்ஜினைப் பாரமின்றி மெதுவாக ஓடவிட்டு, வடிகட்டியின் காற்று வாயை ஒரு மரப்பலகையால் இறுக மூடுங்கள். கையால் மூட வேண்டாம். என்ஜின் திணறி நின்றால் ஒழுக்கு இல்லை. தொடர்ந்து ஓடினால் எங்கோ கள்ள வழியில் காற்று போகிறது. குழாய், கிளிப், பேக்கிங் ஆகியவற்றைப் பாருங்கள்.

காற்றோட்டத்தை உண்மையிலேயே பெருக்க விரும்புவோர் என்ஜின் கொட்டகையைக் கவனிக்க வேண்டும். நான்கு பக்கமும் அடைத்த சிறிய கொட்டகையில் என்ஜின் தான் விட்ட புகையையும் வெப்பத்தையும் தானே திரும்பக் குடிக்கிறது. காற்று 10 டிகிரி சூடானால் அதே அளவு காற்றின் எடை சுமார் 3 சதவீதம் குறைந்துவிடும். புகைக்குழாயை நீட்டிக் கூரைக்கு வெளியே விடுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வையுங்கள். கூரை ஓரம் இரண்டு வரிசைச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினாலும் போதும். புழுதி அதிகமான இடமானால் காற்று வாயைக் குழாய் வைத்து உயர்த்தலாம். அந்தக் குழாய் பழைய வாயைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. வளைவுகளும் குறைவாக இருக்க வேண்டும். மேலே மழை மூடி அவசியம். தண்ணீர் கீழே போய்விட்டது என்று என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றி ஆளைக் கொல்லும்.

எல்லாம் சரியாக இருந்தும் கரும்புகை வந்தால், நாசில் கெட்டிருக்கலாம், அல்லது பம்பு என்ஜினின் சக்திக்கு மிஞ்சியதாக இருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

களையெடுக்கும் சிறிய பெட்ரோல் இயந்திரங்களில் வடிகட்டியைக் கழற்றினால் கெடுதல் இன்னும் சீக்கிரம் வரும். கார்புரேட்டரில் காற்று கூடி, பெட்ரோல் விகிதம் குறைந்து, என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். இவற்றில் உள்ள பஞ்சு வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, சில சொட்டு எண்ணெய் விட்டுப் பிழிந்து மாட்டினால் போதும்.

பழைய என்ஜின் வாங்கப் போகிறவர்கள், என்ஜின் நின்றிருக்கும்போது வடிகட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னால் உள்ள காற்றுக் குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால், விற்பவர் கேட்கும் விலையிலிருந்து லைனர் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.